ரப்பர் தேனுக்குப் பூ எங்கே?

முதலில் ஆட்டோ கதையைச் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறை ஸ்டேஷனிலிருந்து அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு 450 ரூபாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருபது ரூபாய்கூட ஆகவில்லை. மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுங்கள், ஆட்டோவே வேண்டாம்.

சரி, தேன். வீட்டுக்கு வாங்கும் மார்த்தாண்டம் தேன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ருசியில் இருக்கும், அதற்கு எந்தெந்தப் பூ காரணம் என்று பார்த்துவிடத்தான் மார்ச் வெயிலில் கிளம்பினேன். அந்தத் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் "இப்போ என்ன பூ?" என்றேன். "பூவத் தேடாத மக்களே, இலையப் பாரு" என்று ஓர் இளமரத்தின் தளிரை வளைத்துக் காட்டினார். ரப்பருக்கு ஒரு காம்பில் மூன்று இலை. அந்த மூன்றும் சேருகிற முனையில் கடுகைவிடச் சின்னதாகச் சில சுரப்பிகள், அவற்றில் ஈரம் மினுங்குகிறது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், இனிப்பு! பக்கத்து இலையில் ஒரு தேனீ அதே இடத்தில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும், அது முற்றும்வரைதான் இந்தச் சுரப்பு, அந்தச் சில வாரங்கள்தான் இங்கே பெரிய தேன் அறுவடையே.

தேனில் கலந்திருக்கும் மகரந்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எந்தச் செடி என்று சொல்வார்கள் இல்லையா, ரப்பர் தேனில் அது சரிப்படாது. இலையில் மகரந்தம் ஏது? தேனீ மகரந்தம் எடுக்கப் போன தென்னையோ வேறெதுவோதான் அதில் தெரியும். இது தெரியாமல் பாட்டிலில் ரப்பர் பூ படம் போட்டு விற்பது தப்பு, அந்த இலைக்குச் சேர வேண்டிய பெயர் அது.

அப்புறம் அண்ணாச்சி போன வருஷம் மழைக்கு முன்னால் எடுத்த தேனைக் கொடுத்தார். அதே பெட்டிகள்தான், ஆனால் நிறம் கருத்து, தொண்டையில் லேசாகத் துவர்த்தது. "அப்ப புளி பூத்திருந்து" என்றார். ரப்பர் தேனில் அந்தத் துவர்ப்பே கிடையாது, நேரான இனிப்பு. எனக்குப் புளித் தேன்தான் பிடித்தது, ஆனால் விற்க மிச்சம் இல்லை.

மதியம் அவர் வீட்டிலேயே மரச்சீனிக்கிழங்கும் சாளைக் குழம்பும். காசு கொடுத்துச் சாப்பிட்ட எதுவும் இந்தப் பயணத்தில் அதற்குப் பக்கத்தில் வரவில்லை!

ஆட்டோவில் போன காசில் இன்னொரு கிலோ வாங்கியிருக்கலாம், ஒரு கிலோதான் முடிந்தது. வாங்கினால் ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். சர்க்கரை கலந்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும்.