பழைய புல்லட் எஞ்சினுக்குப் பெயின்ட் வேண்டுமா?

பழைய புல்லட் 350-ஐப் புதுப்பிக்கிறவர்கள் எஞ்சின் முழுக்க சில்வர் ஸ்ப்ரே அடித்துவிடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸும், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டும் அலுமினியம், அதற்குப் பெயின்டே தேவையில்லை. டீசலும் பிரஷும் வைத்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, சைடு கவருக்கு மட்டும் பஃபிங் கொடுத்தால், அதாவது தேய்த்து மெருகேற்றினால் போதும், பளபளவென்று வந்துவிடும். பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பிளாக் அப்படியில்லை, வார்ப்பிரும்பு, சும்மா விட்டால் ஒரு மழைக்காலத்திலேயே துரு ஏறிவிடும். அதற்கு அடிக்கத்தான் வேண்டும், வெப்பம் தாங்கும் பெயின்டாக, மெல்லிசாக. சூட்டை வெளியேற்ற வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளான ஃபின்களுக்கு நடுவே இருக்கும் துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி, தின்னரால் துடைத்து, கசிவைத் தடுக்க இணைப்பில் வைக்கும் கேஸ்கெட் உட்காரும் இடத்திலும் சிலிண்டரின் உள்சுவரிலும் படாமல் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். தடிமனாக அடித்தால் சூடு சரியாக வெளியேறாது. அப்புறம், அந்தப் பெயின்ட் சூடுபட்டால்தான் இறுகும், அதுவரை அதன்மேல் பெட்ரோல் சிந்தவிடாதீர்கள்.