வெள்ளி விழா சந்திப்பு: முதலில் பெயர்ப் பட்டியல், அப்புறம்தான் மண்டபம்

1998ல் சேர்ந்து 2002ல் வெளியே வந்த இன்ஜினியரிங் பேட்சுகளுக்கு 2027 இருபத்தைந்தாவது வருடம். பெரும்பாலான வாட்ஸ்அப் குழுக்களில் பழைய மாணவர் சந்திப்பு பற்றிய பேச்சு "எந்த ரிசார்ட்?" என்ற கேள்வியோடுதான் தொடங்கும். அது கடைசியில் பேச வேண்டியது. குழுவில் ஏற்கெனவே இருப்பவர்களை மட்டும் வைத்துத் தேதியும் இடமும் முடிவு செய்தால், பிறகு கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் விருந்தாளிகளாக வந்து போவார்கள். அவர்களில் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். ஒரு வருடத் தயாரிப்பு என்றால் முதல் நான்கு மாதங்களை ஆள் தேடுவதற்கே ஒதுக்குங்கள்.

பட்டியலுக்கு அடிப்படை, முதல் வருட அட்மிஷன் லிஸ்ட் அல்ல, கடைசி செமஸ்டர் ரோல் நம்பர் வரிசை. காரணம், டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேர்ந்த லேட்டரல் என்ட்ரி நண்பர்கள் முதல் வருடப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் விடுபட்டுப்போவது இவர்கள்தான். அதே நேரம் பாதியில் நின்றவர்கள், வேறு கல்லூரிக்கு மாறியவர்கள், அரியர் வைத்து அடுத்த பேட்சோடு முடித்தவர்கள் ஆகியோர் கடைசிப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். ஆகவே இரண்டையும் சேர்த்து ஒரே கூகுள் ஷீட்டில் ஏற்றுங்கள். பத்தி தலைப்புகள்: ரோல் நம்பர், கல்லூரியில் அழைத்த பெயர், இப்போதைய பெயர், துறை, ஹாஸ்டலா டேஸ்காலரா, சொந்த ஊர், கடைசியாகத் தொடர்பில் இருந்தவர், இப்போதைய நிலை.

தேடுவதில் பெரிய சிக்கல் நம் இனிஷியல். கல்லூரியில் கே.செந்தில்குமாராக இருந்தவர், பாஸ்போர்ட் எடுத்தபோது அப்பா பெயரைக் கடைசிப் பெயராக விரித்திருப்பார். லிங்க்ட்இனில் 'கே.' காணாமல் போய், அப்பா பெயர் முழுசாகப் பின்னால் நிற்கும். திருமணமான பெண்களில் பலருக்கு இனிஷியலே மாறியிருக்கும். அதனால் பெயரை மட்டும் தட்டித் தேடாமல் கல்லூரிப் பெயரையும் முடித்த வருடத்தையும் போட்டுத் தேடி, முகத்தைப் பாருங்கள். ஆர்குட் 2014லும் யாஹூ குரூப்ஸ் 2020லும் மூடப்பட்டதால், பழைய மின்னஞ்சல் பட்டியல் யாருடைய இன்பாக்ஸிலாவது இருந்தால்தான் உண்டு. அதையும் கேட்டுப் பாருங்கள்.

நல்ல பலன் தருவது ஸ்லாம் புக், அதாவது கல்லூரி முடியும்போது நண்பர்கள் எழுதிக் கொடுத்த நினைவுப் புத்தகம். அதில் உள்ள லேண்ட்லைன் எண் இப்போது இருக்காது, ஆனால் வீட்டு முகவரி இருக்கும். சின்ன ஊராக இருந்தால் அந்த முகவரிக்கு ஒரு போஸ்ட் கார்டு போதும். வீடு மாறியிருந்தாலும், இன்னார் வீடு என்று தபால்காரருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. யாருக்காவது அந்த ஊர்ப்பக்கம் போகிற வேலை இருந்தால் தெருமுனை மளிகைக் கடையில் விசாரிக்கச் சொல்லுங்கள். துறைக்கு ஒருவர், ஹாஸ்டலுக்கு ஒருவர், பெண்கள் தரப்பில் கட்டாயம் ஒருவர் என்று பொறுப்பைப் பிரியுங்கள். தோழிகளின் எண்ணைப் பெண்கள் வழியாக, அவர்களைக் கேட்ட பிறகே குழுவில் சேர்க்க வேண்டும். எண்ணைத் தூக்கிப் பொதுக்குழுவில் போட்டால் அன்றே வெளியேறிவிடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரே குழு போதாது. அரட்டைக் குழுவில் காலை வணக்கமும் அரசியலும் ஓடும், முக்கியமான தகவல் அரை நாளில் அடியில் போய்விடும். அட்மின் மட்டும் எழுதக்கூடிய அறிவிப்புக் குழு ஒன்றைத் தனியாக வையுங்கள். அதில் வாரத்துக்கு ஒரு செய்திக்கு மேல் வேண்டாம்.

தேதிக்கு வருவோம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் மண்டபமும் கேட்டரிங்கும் சுலபமாகக் கிடைக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். இரண்டில் எது என்பதை வெளிநாட்டு நண்பர்களின் பிள்ளைகளுடைய பள்ளி விடுமுறை தீர்மானிக்கும். வளைகுடாவின் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை. அமெரிக்காவில் ஜூன், ஜூலை பொதுவாகச் சரி, ஆனால் டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற இடங்களில் ஆகஸ்ட் முதல் பாதியிலேயே பள்ளி தொடங்கிவிடும். சிங்கப்பூரில் நடுவருட விடுமுறை ஜூனோடு முடிந்துவிடும், அவர்களுக்கு டிசம்பர்தான் தோது. ஆஸ்திரேலியாவுக்கும் அப்படியே. எந்த நாட்டில் எத்தனை பேர் என்று ஷீட்டில் எண்ணிவிட்டு முடிவெடுங்கள். டிசம்பர் என்றால் விமானக் கட்டணமும் மலைவாசஸ்தல அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும், சென்னையாக இருந்தால் மழையையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஆடி என்று முடிவானால், 2027ல் ஜூலை 24, 25 சனி ஞாயிறு எனக்குச் சரியாகப் படுகிறது. அடுத்த வார இறுதியை ஒட்டி ஆடி அமாவாசையும் ஆடிப்பெருக்கும் வந்துவிடுகின்றன. உள்ளூர்க்காரர்கள் குலதெய்வக் கோயில், தர்ப்பணம் என்று நகர முடியாது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஜூலை 23 வெள்ளி இரவு ரயிலுக்கு மே 24 காலை 8 மணி என்று அறிவிப்புக் குழுவில் முன்கூட்டியே போடுங்கள்.

கல்லூரி வளாகத்தில் ஒரு நாள், வெளியே ஒரு மாலை என்று பிரிப்பதே நல்லது. வளாகத்துக்கு முதல்வர் பெயரில் மூன்று மாதம் முன்பே கடிதம் கொடுத்து, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்வழி அனுமதி, செமஸ்டர் தேர்வோ ஆய்வுக் குழுவோ வந்தால் நிற்காது.

பணத்தில் தவறு நடக்கும் இடம் ஒன்றுதான்: "வருகிறேன்" என்றவர்களை வைத்து வகுப்பது. மண்டபம், ஒலிபெருக்கி, போட்டோகிராபர், ஆசிரியர்களுக்கான நினைவுப் பரிசு எல்லாம் ஆள் குறைந்தாலும் குறையாத செலவு. அது 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 120 பேருக்கு வகுத்தால் தலைக்கு 2,500. வந்தது 90 பேர் என்றால் 3,333. அந்த 833 ரூபாயை ஏற்கெனவே கட்டியவர்களிடம் மறுபடி கேட்பது சங்கடம். முதலிலேயே முக்கால்வாசிப் பேருக்கு வகுத்துவிடுங்கள், மீதமானால் கல்லூரிக்கு ஏதாவது செய்யலாம். சாப்பாடும் அறையும் ஆள்கணக்குச் செலவு, அவற்றைத் தனியாக வையுங்கள்.

வசூல் ஒருவருடைய சம்பளக் கணக்கில் போய்ச் சேரக் கூடாது. இருவர் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, வரவு செலவை வாரம் ஒருமுறை ஷீட்டில் காட்டுங்கள். அமெரிக்கா, சிங்கப்பூர், அமீரகம் உட்படச் சில நாட்டு எண்களில் இருப்பவர்கள் என்ஆர்ஐ கணக்கு வழியாக யூபிஐயில் அனுப்ப முடியும். கேட்டரிங் பாக்கியைக் கடைசி நாளில் போனிலேயே கட்டிவிடலாம் என்று இருக்காதீர்கள், யூபிஐயில் பொதுவாக நாளுக்கு ஒரு லட்சம்தான் வரம்பு. கல்லூரி அறக்கட்டளைக்கு நன்கொடை தருவதாக இருந்தால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நண்பர்களின் பணம் வெளிநாட்டு நிதியாகவே கருதப்படும். அதை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை.

எல்லோராலும் கட்ட முடியாது. படிவத்தில் "இன்னொருவருக்கும் சேர்த்துக் கட்டுகிறேன்" என்று ஒரு கட்டம் வையுங்கள். யாருக்குப் போனது என்பது பொருளாளர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும், அந்த வரி ஷீட்டில் வரக் கூடாது. பணம் காரணமாக ஒருவர் வராமல் போவதைப் போல வருத்தமான விஷயம் இந்த வேலையில் வேறு இல்லை.

டீஷர்ட் என்றால் எஸ், எம், எல் என்று கேட்காதீர்கள், பத்து வருடம் முந்தைய அளவைத்தான் எழுதுவார்கள். இப்போது போடும் சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்கிய அங்குலத்தைக் கேளுங்கள். 42, 44ல் சில உருப்படிகள் கூடுதலாக இருக்கட்டும். திருப்பூரில் கொடுப்பதானால் ஒரு மாதம் முன்பே அளவுப்பட்டியல் முடிந்திருக்க வேண்டும்.

பெயர் அட்டை டீஷர்ட்டைவிட முக்கியம். கல்லூரியில் அழைத்த பெயர் பெரிய எழுத்தில், கீழே துறை, ஓரத்தில் அந்தக் காலப் புகைப்படம். இரண்டு பக்கமும் அச்சடியுங்கள். கயிற்றில் தொங்கும் அட்டை திரும்பிக்கொள்ளும், வெற்றுப்பக்கம்தான் வெளியே தெரியும்.

அன்றைய நிகழ்ச்சியில் எல்லோரும் விரும்புவது பழைய வகுப்பறையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து, அந்தக் கால ஆசிரியர் ரோல் நம்பர் வரிசையில் அட்டெண்டன்ஸ் எடுப்பது. இங்கே ஒரு விஷயத்தை முன்பே பேசியிருக்க வேண்டும். இறந்துபோன நண்பரின் பெயரை ஆசிரியர் அறியாமல் கூப்பிட்டுவிட்டால் அந்த அறை தாங்காது. அஞ்சலியைக் காலையில் முதல் நிகழ்ச்சியாக வையுங்கள். பெயர், தேதி, படம் மூன்றையும் குடும்பத்திடமே கேட்டு வாங்குங்கள், விருப்பமிருந்தால் அவர்களையும் அழையுங்கள். ஆசிரியர் கையில் தரும் பட்டியலில் அந்தப் பெயர்களுக்கு எதிரே குறிப்பு இருக்கட்டும். பெயர் வரும்போது எல்லோரும் சேர்ந்து எழுந்து நிற்கலாம்.

அறிமுகத்தில் வேலை, பதவி சொல்லச் சொல்லாதீர்கள். ஹாஸ்டல் அறை எண்ணோ வந்த பஸ் ரூட்டோ போதும். வேலை போனவர், விவாகரத்து ஆனவர், குழந்தை இல்லாதவர் எல்லோரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு காரும் கூட ஒரு மாணவரும். அழைப்பு, லேப் அசிஸ்டென்ட், மெஸ் மாஸ்டர், வாட்ச்மேன், கல்லூரிப் பஸ் டிரைவர் வரை போக வேண்டும். குழுப் படத்தை 11 மணிக்கே ஆடிட்டோரியப் படிக்கட்டில் எடுத்துவிடுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளூர்க்காரர்கள் கிளம்பத் தொடங்குவார்கள். கேட்டரிங்கில் இலைக் கணக்கா தலைக் கணக்கா என்பதை முன்பே பேசி, கடைசி எண்ணிக்கையை மூன்று நாள் முன்பு சொல்லுங்கள். மதியத்துக்குப் பிறகு இரண்டு மணி நேரம் மைக்கை அணைத்து வையுங்கள். காபியும் சுண்டலும் இருந்தால் போதும், பேச வந்தவர்கள் பேசட்டும்.

முடிந்த ஒரு வாரத்துக்குள் கணக்கை மூடி, படங்களைப் பொது டிரைவில் ஏற்றி, ஷீட்டை மறுபடி திறங்கள். நிலைப் பத்தியில் "கிடைக்கவில்லை" என்று இன்னும் சில பெயர்கள் இருக்கும். வந்தவர்களில் ஒவ்வொருவருக்கும் அதிலிருந்து ஒரு பெயரைப் பிரித்துக் கொடுங்கள்.