லிர்கோ எலிகளோடு சில காலம்

உடம்பு முழுக்க இன்சுலின் ஏற்பியே (செல்லில் இன்சுலினைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) இல்லாமல் பிறக்கும் சுண்டெலிக் குட்டி, சர்க்கரையும் கீட்டோன் அமிலமும் ஏறிச் சில நாட்களில் செத்துவிடும். 1996-லேயே இது தெரிந்துவிட்டது. அதனால்தான் உறுப்பு உறுப்பாக மரபணுவை நீக்கும் வழிக்கு வந்தார்கள். பாஸ்டனில் ஜாஸ்லின் நீரிழிவு மையத்தின் ரொனால்ட் கான் குழு 1998-இல் தசையில் மட்டும் ஏற்பியை நீக்கியது. இன்சுலின் தூண்டும்போது பெரும்பங்கு சர்க்கரையை உறிஞ்சுவதே தசைதான் என்று நம்பியிருந்த காலம் அது. அந்த எலிக்கோ ரத்தச் சர்க்கரை ஏறவேயில்லை. 2000-இல் கல்லீரலில் நீக்கினார்கள். அதுதான் லிர்கோ (LIRKO), அதாவது கல்லீரல் இன்சுலின் ஏற்பி நாக்அவுட். அமெரிக்காவில் பிஎச்டி சேர்ந்த எனக்கு வாய்த்தது இந்த எலி.

நாக்அவுட் (ஒரு மரபணுவை நீக்கிய எலி) என்றதும் எல்லோரும் மரபணு வெட்டுவதைப் பற்றியே கேட்பார்கள். வெட்டும் வேலையைக் க்ரீ நொதி பார்த்துக்கொள்ளும். காலம் போவது கலப்பில். ஏற்பி மரபணுவின் ஒரு பகுதிக்கு இருபுறமும் லாக்ஸ்பி (க்ரீ வெட்டும் இடம்) குறி வைத்த 'ஃப்ளாக்ஸ்' எலி ஒருபக்கம், கல்லீரலில் மட்டும் க்ரீயை உருவாக்கும் ஆல்புமின்-க்ரீ எலி மறுபக்கம். மரபணுவின் இரு பிரதியும் ஃப்ளாக்ஸாக இருந்து க்ரீயும் வேண்டும் என்பதால், முதல் கலப்பில் நமக்கு வேண்டிய குட்டி ஒன்றுகூடப் பிறக்காது. க்ரீ உள்ள குட்டிகளை மறுபடி ஃப்ளாக்ஸ் எலியோடு சேர்த்தால் நாலில் ஒன்று தேறும். ஆண் மட்டும் போதும் என்றால் எட்டில் ஒன்று. அப்படித் தேறியதை மறுபடி ஃப்ளாக்ஸ் எலியோடு சேர்க்கும் அடுத்த சுற்றில்தான் நிம்மதி: எல்லாக் குட்டியும் இரட்டை ஃப்ளாக்ஸ், பாதிக்குக் க்ரீ உண்டு, பாதிக்கு இல்லை. ஒரே தாய், ஒரே கூண்டு. க்ரீ இல்லாத அந்த உடன்பிறப்புகள்தான் சரியான ஒப்பீட்டு எலிகள்.

இதில் சோம்பல் பட்டு, கடையில் கிடைக்கும் சாதாரணக் கறுப்பெலியை ஒப்பீட்டுக்கு வாங்கி வைப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. சி57பிளாக்6 என்ற அந்தக் கறுப்பெலி இனத்திலேயே 'ஜே' (J) வகைக்கு 'என்என்டி' என்ற மரபணு பழுது. அதன் இன்சுலின் சுரப்பும் சர்க்கரையைத் தாங்கும் திறனும் 'என்' (N) வகையைவிடக் குறைவு. இரண்டையும் கலந்துகட்டினால் தெரியும் வித்தியாசம் எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது?

வால் நுனியில் பிசிஆர் செய்தால் க்ரீ இருக்கிறதா என்பது மட்டும் தெரியும். கல்லீரலில் ஏற்பி உண்மையிலேயே போய்விட்டதா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைக் கண்டறியும் சோதனை) பார்த்தே ஆக வேண்டும், தசையில் அப்படியே இருக்கிறதா என்பதையும் சேர்த்து. பிறந்த குட்டியில் இந்த நீக்கம் முழுமையாக இருக்காது. ஆறு வாரமாவது காத்திருப்பது நல்லது.

அப்புறம் சர்க்கரைத் தாங்குதிறன் சோதனை. எலி ராத்திரியில் தின்னும் பிராணி. இரவு முழுக்கப் பட்டினி போட்டால் எடை சடாரென இறங்கிவிடும். அதனால் காலையில் தீவனத்தை எடுத்து ஆறு மணி நேரம் விடுவதுதான் என் பழக்கம். கூண்டையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடியில் சிதறியதைப் பொறுக்கித் தின்றுவிடும். கிலோவுக்கு 2 கிராம் குளுக்கோஸ் வயிற்றறையில் ஊசி. 0, 15, 30, 60, 120 நிமிடங்களில் வால் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், நம் வீட்டில் வைத்திருக்கும் அதே குளுக்கோமீட்டர். எலிகளுக்கிடையே ஒரு நிமிடம் இடைவெளி விட்டால் கை தடுமாறாது. எது நாக்அவுட் என்று ஊசி போடுபவருக்குத் தெரியக்கூடாது. சோதனைக்கு முந்தைய வாரம் முழுக்கத் தினமும் கையில் எடுத்துப் பழக்கினேன். பயந்த எலிக்குப் பயத்திலேயே சர்க்கரை ஏறும்; அது ஏற்பியின் குற்றமல்ல.

லிர்கோவின் வளைகோடு ஏறினால் இறங்க மனமில்லாமல் நிற்கும். இன்சுலின் கொடுத்தாலும் சர்க்கரை பெரிதாக இறங்காது. ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்சுலின் அளவுதான். உடன்பிறப்புகளைவிடப் பல மடங்கு. கணையத் தீவுகள் பெருத்துச் சுரப்பைக் கூட்டுவது ஒரு காரணம். ரத்தத்திலிருந்து இன்சுலினை அப்புறப்படுத்துவதும் பெரும்பாலும் கல்லீரல்தான், அதற்கும் இதே ஏற்பி வேண்டும் என்பது இன்னொன்று. இன்சுலினை அளக்க எலைசா சோதனை செய்யப் போகிறவர்கள் லிர்கோ சீரத்தை முதலிலேயே நன்றாக நீர்க்கச் செய்துகொள்ளுங்கள். எலி ரத்தம் கிடைப்பதே சில சொட்டு. அளவுகோலைத் தாண்டிப் போனால் திரும்பச் செய்ய மிச்சம் இருக்காது.