முருங்கைக்கீரையும் ஐஎன்ஆர் சீட்டும்

பள்ளி நாட்களில் வந்த வாதக் காய்ச்சல் என் இதயத்தின் மிட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது என்பது, 48ஆம் வயதில் துடிப்பு ஒழுங்கு தப்பிய பிறகுதான் தெரிந்தது. மணிக்கட்டில் விரல் வைத்தால் இரண்டு துடிப்புகள் அடுத்தடுத்து வரும். மூன்றாவது வருமா வராதா என்று காத்திருக்க வேண்டும். ஈசிஜியைப் பார்த்த மருத்துவர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குவதால் அங்கே ரத்தம் தேங்கி உறையக்கூடும் என்றும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும் என்றும் விளக்கினார். ஆகவே துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோபிரோலாலுடன், ரத்தம் எளிதில் உறையாமலிருக்க அசினோகுமரால் மாத்திரையையும் எழுதினார்.

மெட்டோபிரோலாலால் மாடிப்படி ஏறுவதற்குள் கால் கனத்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அசினோகுமரால் அப்படிப் பழகிவிடும் மாத்திரை அன்று. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் உறையும் அபாயம், கூடினால் கசியும் அபாயம். கீரையில் உள்ள வைட்டமின் கே இம்மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்று யாரோ சொல்லக் கேட்ட என் கணவர், வீட்டில் முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்திவிட்டார். அடுத்த பரிசோதனையில் ஐஎன்ஆர் 3.6. கீரையை விடச் சொல்லவில்லை, வாரம் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள் சாப்பிடுங்கள் என்றுதான் மருத்துவர் சொன்னார்.

இந்தப் பரிசோதனை அலைச்சல் இல்லாத புதிய மாத்திரைகள் இருக்கின்றனவே என்று உறவினர்கள் கேட்பதுண்டு. வாதக் காய்ச்சலால் வால்வு பழுதாகி இத்துடிப்புக் கோளாறும் உள்ள சுமார் 4,500 பேரிடம், 24 நாடுகளில் நடந்து 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், புதிய வகை மாத்திரையான ரிவராக்ஸபானைவிட, அசினோகுமரால் சேர்ந்த பழைய வகையை எடுத்தவர்களிடையேதான் இறப்பு குறைவாக இருந்தது. அதைப் படித்த பிறகு நான் அலைச்சலைப் பற்றிப் பேசுவதில்லை.

எனக்கு மனக்குறை ஒன்றே ஒன்றுதான். பலூன் சிகிச்சையில் வால்வை விரித்த பின், துடிப்பைப் பழைய ஒழுங்குக்குக் கொண்டுவர அமியோடரோன் சேர்த்தார்கள். அது அசினோகுமராலின் வேகத்தைக் கூட்டிவிடும் என்பதை வீட்டுக்கு அனுப்பும்போது ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் பல் துலக்கியபோது துப்பிய நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. பேருந்துக் கம்பியில் லேசாக இடித்த முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்தது. ஐஎன்ஆர் 5.8. அசினோகுமராலை இரண்டு நாள் நிறுத்தி, பிறகு பாதியாக்கினார்கள். அன்றிலிருந்து 2 மில்லிகிராம் மாத்திரையைக் காய்கறிக் கத்தியால் நடுக்கோட்டில் அழுத்தி உடைப்பது என் இரவு வேலைகளில் ஒன்றாயிற்று.

அமியோடரோன் துடிப்பைச் சீராக்கியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எட்டு மாதம் நாடி கடிகாரம்போல் நடந்தது. ஆனால் அதன் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் அடங்கியிருக்கிறது. உடலின் ஒரு நாள் தேவையோ 0.15 மில்லிகிராம்தான். என் தைராய்டு சோர்ந்தது. முடி கொட்டியதையும், சித்திரை வெயிலிலும் எனக்குக் குளிர்ந்ததையும் மாதவிடாய் நிற்கும் வயது என்று நானே தள்ளிப்போட்டேன். தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகுதான் விவரம் புரிந்தது. இதை எடுப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் கல்லீரலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவத்தில் வழக்கமான விதிதான். என் சீட்டில் அது எழுதப்படவில்லை, அவ்வளவே.

மருத்துவர் சொல்லி அமியோடரோனை நிறுத்தி மூன்று மாதமாகிறது. கொழுப்பில் தங்கிவிடும் மருந்து என்பதால் அது உடலைவிட்டு முழுதும் நீங்கப் பல மாதங்கள் ஆகும். அது நீங்க நீங்க ஐஎன்ஆர் இறங்கும். போன வியாழக்கிழமை 1.8 வந்தது. அரை மாத்திரை இப்போது முக்காலாகியிருக்கிறது, ஆனால் கால் பங்கு மட்டும் கத்திக்குச் சரியாக அகப்படுவதில்லை. 1 மில்லிகிராம் மாத்திரையாகவே எழுதித் தர முடியுமா என்று அடுத்த முறை கேட்க வேண்டும்.