போவதா வேண்டாமா: ஒன்ராறியோவில் ஒரு சின்னப் பிளேன்

கனடாவுக்கு வந்த முதல் வருடங்களில் என் முடிவுகளையெல்லாம் வேறு யாரோதான் எடுத்தார்கள். எந்த ஷிப்டில் வேலை, ஊரில் படித்த படிப்பு இங்கே செல்லுமா செல்லாதா, அடுத்த கடிதம் எப்போது வரும், எல்லாவற்றுக்கும் ஒரு படிவம், ஒரு வரிசை, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆள். "நீங்களே சொல்லுங்கள், போகலாமா வேண்டாமா?" என்று ஒருவர் என்னைக் கேட்டது ஒரு சின்ன விமானத்தளத்தில்தான். கேட்டவர் பறக்கப் பழக்கும் ஆசிரியர். என் வயதில் பாதிகூட இருக்காது. காற்றின் வேகத்தையும் மேகத்தின் உயரத்தையும் எழுதிய தாளை என் கையில் தந்துவிட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

சின்னப் பிளேனில் எனக்குள்ள ஆசையைச் சொன்னால் எங்கள் ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அதில் நியாயம் உண்டு. 1980களின் நடுப்பகுதியில் எங்கள் தலைக்கு மேல் குண்டோடு வரத் தொடங்கிய இலங்கை விமானப்படையின் சியாமாசெட்டி, விமானிகளைப் பழக்கவென்று இத்தாலியில் செய்த, மூக்கில் விசிறி வைத்த சின்னப் பிளேன்தான். சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடியவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஓடும்போதும் ஒரு கண் மேலே நிற்கும். அது எப்படி வளைகிறது, மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கியது எப்படித் திரும்ப எழும்புகிறது என்று. அந்தப் பயமும் இந்த ஆசையும் எனக்குள் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில் பட்டன்வில் விமானத்தளம் இருந்த காலத்தில் 404 நெடுஞ்சாலையில் போன எல்லோரும் அந்தப் பிளேன்களைப் பார்த்திருப்பார்கள். கார்களுக்கு மேலே பதிந்து வந்து இறங்கும். 2023 நவம்பரில் அதை மூடிவிட்டார்கள். எங்கள் சனம் இவ்வளவு செறிந்து வாழும் இடத்தின் பக்கத்திலேயே இருந்த தளம் அது. இப்போது ஒஷாவாவுக்கோ பிரம்ரனுக்கோ பீற்றர்பரோவுக்கோ கார் ஓட வேண்டும்.

உரிமம் எடுப்பது பலர் நினைப்பதுபோல் எட்டாத காரியம் இல்லை. குடியுரிமை கேட்க மாட்டார்கள். மாணவர் அனுமதிக்கு 14 வயது போதும், தனியார் விமானி உரிமத்துக்கு 17. மருத்துவச் சான்று, 40 மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, விமானத்து வானொலியில் பேச ஒரு சான்றிதழ், ஆகக் குறைந்தது 45 மணி நேரப் பறப்பு. அந்த 45இல் 12 மணி நேரம் தனியாகப் பறந்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 45உடன் முடியாது என்பதைக் காசு சேர்க்கும்போதே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

நான் பழகியது செஸ்னா 172. 1956இல் விற்பனைக்கு வந்தது, 44,000க்கு மேல் செய்துவிட்டார்கள். நாலு இருக்கை. ஆனால் தாங்கியை நிரப்பிவிட்டு நாலு பெரிய ஆட்களை ஏற்றலாம் என்று கனவு காணக் கூடாது. எரிபொருளும் ஆட்களும் பொதியும் சேர்ந்த எடையைப் புறப்பட முன்னர் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். சொந்தக்காரரிடம் "நீங்கள் எத்தனை கிலோ?" என்று முகத்துக்கு நேரே கேட்டு உறவைக் கெடுத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது.

இந்த நாட்டின் குளிரோடு எனக்கு ஒரு சமாதானம் வந்ததும் அங்கேதான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. சிறகு கூடுதலாகத் தூக்கும், விசிறி கூடுதலாக இழுக்கும், இயந்திரமும் கூடுதல் சக்தி தரும். யூலை மாதத்து வெக்கையில் அரைமனதோடு ஏறும் அதே பிளேன், சனவரியில் ஓடுதளத்தின் பாதியிலேயே எழும்பத் துடிக்கும். ஆனால் அதற்கு முன்னர் செய்ய வேண்டியது நிறைய. இயந்திரத்தை முதலே சூடாக்கி வைக்க வேண்டும். சிறகில் உறைபனி படிந்திருந்தால் புறப்படுவதைச் சட்டமே தடுக்கிறது. மெல்லிய படிவுதானே என்று விட முடியாது, அந்தச் சொரசொரப்பே சிறகின் மேல் காற்று வழுக்கிப் போவதைக் குழப்பிவிடும். உள்ளே வரும் வெப்பம் புகைக்குழாயைச் சுற்றி வரும் காற்று. குழாயில் வெடிப்பு இருந்தால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவும் கூடவே வரும், மணமே இல்லாமல். அதனால் அதைக் காட்டும் கருவியில் ஒரு கண் இருக்க வேண்டும். வீட்டு வாசலில் பனி வழிக்கும்போது வாயில் வரும் வசை, சிறகில் பனி துடைக்கும்போது எனக்கு வருவதில்லை.

மேலே 2,500 அடியில் ஒன்ராறியோ கட்டம் போட்ட கொப்பித் தாள்போலக் கிடக்கும். அந்தக் காலத்தில் நில அளவையாளர்கள் நேர்கோட்டில் போட்ட கிராமத்து வீதிகள். தெற்கே ஏரி. தெளிந்த நாளில் ரொறன்ரோவின் 553 மீட்டர் சி.என். கோபுரம் வெகு தூரத்திலிருந்தும் தெரியும். பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் திரிந்த காலத்தில் எனக்கு இந்த நாடு நிறுத்தங்களின் பெயராகத்தான் இருந்தது. எது எதற்குப் பக்கத்தில் என்பதை மேலே போன பிறகுதான் அறிந்தேன்.

வானொலியில் உங்கள் பெயர் யாருக்கும் வேண்டாம். வாலில் எழுதியிருக்கும் பதிவெழுத்துகள்தான் நீங்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் ஒரு அனுமதியைத் தந்து திருப்பிச் சொல்லச் சொன்னால், அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஆனால் அது பாதுகாப்பில்லை என்று பட்டால் "முடியாது" என்று சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும். அதிகாரி ஒருவருக்கு இந்த நாட்டில் நான் வாய் திறந்து "முடியாது" என்றது அப்போதுதான். அவர் கோபிக்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. வேறு திசை தந்துவிட்டு அடுத்த பிளேனோடு பேசப் போய்விட்டார்.

"உதில வேலை ஏதும் எடுக்கலாமோ?" என்பது ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் வரும் கேள்வி. எடுக்கலாம். வணிக விமானி உரிமத்துக்கு மொத்தம் 200 மணி நேரம் வேண்டும், அதற்குப் பிறகும் படிகள் இருக்கின்றன. எனக்கு வேலை வேண்டாம் என்றால் யாரும் நம்புவதில்லை. "அப்ப ஏன் உந்த மினக்கெடு?" என்பார்கள். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை, தேடவும் இல்லை.

புறப்பட்ட இடத்திலிருந்து 25 கடல் மைலுக்கு அப்பால் போவதானால், போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் பதிய வேண்டும். அதிகாரபூர்வமாகப் பதியலாம், அல்லது பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். நேரத்துக்கு வராவிட்டால் அவர் உரிய இடத்துக்கு அறிவிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு மனிசிக்கு. கிங்ஸ்ரனுக்குப் போனாலும் தாளை வாங்கி, நேரத்தை இரண்டு தரம் வாசித்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுத்தான் என்னை வெளியே விடுவா. ஒருநாளாவது கூட வாவன் என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

"நானும் ஏறினா, பிறகு ஆர் போன் எடுக்கிறது?" என்கிறா.