ரிப்பீட்டரில் டோன் முனகல்: எங்கிருந்து வருகிறது, எப்படி நிறுத்துவது

வயர்லெஸ் செட்டின் பி.டி.டி.யை (பேச அழுத்தும் பொத்தான்) அழுத்திவிட்டு வாய் திறக்காமல் இருந்தாலும் எதிர்முனையில் ‘ம்ம்ம்’ என்று அடிக்குரலில் முனகுகிறது என்றால், சி.டி.சி.எஸ்.எஸ். டோன் (எதிர்முனை செட்டின் ஒலியைத் திறக்கப் பேச்சோடு சேர்ந்து போகும் அடிக்குரல் ஒலி) வெளியே கேட்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவோம். ஆனால் டோன் 100.0 ஹெர்ட்ஸ் என்றால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையில் ரெக்டிஃபயருக்குப் பின் மிஞ்சும் ரிப்பிளும் (வோல்டேஜின் சிறு ஏற்ற இறக்கம்) அதே 100 ஹெர்ட்ஸ்தான். காதால் பிரித்தறிய முடியாது. டோனை அணைத்தும் முனகல் நிற்கவில்லையா? 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் சப்ளையில் உள்ள ஃபில்டர் கப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. செட்டைத் திறக்கவே வேண்டாம்.

எங்கள் ரிப்பீட்டரில் (வரும் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) பேட்டரிக்கு மாற்றியும் முனகல் போகவில்லை. சிம்ப்ளெக்ஸில், அதாவது செட்டுக்கு செட் நேராகப் பேசினால், சுத்தமாக இருந்தது. ரிப்பீட்டர் வழியாக வந்தால் எல்லா செட்டிலும் கேட்டது. ஒரே ஒரு செட்டில் மட்டும் கேட்டிருந்தால் அந்த செட்டில் டோனைத் தடுக்கும் 300 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் ஃபில்டரைச் சந்தேகித்திருக்கலாம். இந்தச் சோதனைக்கு எஸ்.டி.ஆர். டாங்கிளை (கணினியில் செருகும் ரிசீவர்) மட்டும் நம்பாதீர்கள். அதில் பெரும்பாலும் அந்த ஃபில்டர் போடப்பட்டிருக்காது, டோன் எப்போதும் கேட்கும்.

இன்னொரு தடயமும் இருந்தது. முனகல் ஒரே அளவில் இல்லை. சில விநாடிகளுக்கு ஒருமுறை ஏறி இறங்கியது, இறங்கும்போது சில செட்டுகளில் பேச்சு நடுவே ஸ்குவெல்ச் (டோன் இல்லாதபோது ஸ்பீக்கரை அடைக்கும் பகுதி) மூடிக்கொண்டது. இரண்டு டோன்கள் மோதுகின்றன என்று அர்த்தம். ஒன்று 100.0, மற்றது 100.2 என்றால் 5 விநாடிக்கு ஒரு ஏற்ற இறக்கம் வரும். ரிப்பீட்டரின் என்கோடரை (டோனை உண்டாக்கும் பகுதி) அணைத்துவிட்டு, டோனுடன் ஒருவரைப் பேசச் சொன்னோம். டிகோடு போட்ட செட்டில் (டோன் வந்தால் மட்டும் ஒலி தரும் செட்) அப்போதும் ஸ்குவெல்ச் திறந்தது. அதாவது, உள்ளே வரும் டோன் அப்படியே வெளியே போகிறது. கன்ட்ரோலருக்கு ஆடியோ டிஸ்கிரிமினேட்டரிலிருந்து (ரிசீவரில் எஃப்.எம். சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதி) நேராக எடுக்கப்பட்டிருந்தது, இடையில் ஃபில்டரே இல்லை.

ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு முடித்துவிடலாம் என்று தோன்றும். 100 ஹெர்ட்ஸில் அது வெறும் 10 டெசிபல்தான் குறைக்கும், போதாது. ஒரு டி.எல்.072 ஐ.சி.யில் இரண்டு சாலன்-கீ (ஒரு வகை ஐ.சி. ஃபில்டர்) படிகள் கட்டினால் சுமார் 38 டெசிபல் கிடைக்கும். நான்கு 0.1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கப்பாசிட்டர்கள் வேண்டும். செராமிக் வேண்டாம், மதிப்பு அங்குமிங்கும் போகும். முதல் படியில் 4.7 கிலோவும் 5.6 கிலோவும், இரண்டாம் படியில் 2 கிலோவும் 15 கிலோவும். ஒவ்வொரு படியிலும் சிறிய ரெசிஸ்டர் ஐ.சி. அவுட்புட்டிலிருந்து இரு கப்பாசிட்டர்களின் நடுப்புள்ளிக்கு. பெரியது பிளஸ் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு. ஒற்றை சப்ளையில் ஓட்டினால் அந்தக் கிரவுண்டுக்குப் பதில் பாதி வோல்டேஜ் பயாஸ் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு கரகரக்கும்.

ஏற்ற இறக்கம் போனது. ஆனால் லேசான முனகல் மிச்சமிருந்தது. அளந்தபோது ரிப்பீட்டரின் டோன் டீவியேஷன் (டோன் அலைவரிசையை அசைக்கும் அளவு) 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம். 5 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன் (வைடு) சிஸ்டத்தில் 500 முதல் 750 ஹெர்ட்ஸ் வரை போதும். நேரோபேண்டில் அதில் பாதி. தூரத்து செட்டுகளில் ஸ்குவெல்ச் திறக்கவில்லை என்று டோனை ஏற்றிவைப்பது பரவலான பழக்கம். ஏற்றினால் டோன் உருக்குலைந்து 300, 400 ஹெர்ட்ஸில் ஹார்மானிக்ஸ் பிறக்கும். அவை பேச்சுக்குரிய இடத்திலேயே உட்கார்ந்துவிடுவதால் எதிர்முனை ஃபில்டரால் ஒன்றும் செய்ய முடியாது. 600-க்கு இறக்கியதும் அமைதியானது. வைடில் பேசும் செட்டை நேரோவில் கேட்டாலும் இதே கதைதான். முதலில் சேனல் அகலத்தைச் சரிபாருங்கள்.

புதிதாக டோன் தேர்ந்தெடுப்பவர்கள் 233.6, 250.3 போன்றவற்றைத் தவிர்ப்பது நல்லது. 300-க்கு மிக அருகில் இருப்பதால் நல்ல செட்டிலும் கசியும்.

செட்டைத் திறக்க வழியில்லாமல், வெளி ஸ்பீக்கரில் மட்டும் முனகல் தொல்லை தருகிறதென்றால், 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடராக 68 மைக்ரோஃபாரட் நான்-போலார் கப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். குரல் சற்று மெலியும், முனகல் பெருமளவு அடங்கும்.