மாட்டு வேலி சாட்சி சொன்ன வழக்கு

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி மஸ்கெலியாத் தோட்டத்திலிருந்து புறப்பட்ட தாத்தா, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரியின் கூடலூர் வந்து சேர்ந்தபோது தலையில் சுமந்துவந்த பெட்டி அது. இப்போது அதற்குள் பழைய ரேஷன் அட்டைகள், வீட்டு வரி ரசீதுகள், பச்சைத் தேயிலை போட்டதற்கு ஃபேக்டரியில் கொடுத்த சீட்டுகள் எல்லாம் இருக்கின்றன. பட்டா மட்டும் இல்லை. எங்கள் அரை ஏக்கர் 'செக்சன் 17' நிலம். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: 1969ஆம் ஆண்டின் ஜென்மம் (ஜமீன் போன்ற பரம்பரை நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் சிக்கி, யாருக்குச் சொந்தம் என்று முடிவாகாமல் தலைமுறைக் கணக்கில் வழக்கில் கிடக்கும் நிலம்.

சென்ற மாதம் மின் இணைப்புக்காக அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காகிதங்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "அனுபவம் இருக்கு சார், உரிமை இல்லையே" என்றார். திரும்பும் பேருந்தில், மழைக்காக ஷட்டரை இறக்கிவிட்ட இருட்டில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது, நூறு ஆண்டுகளுக்கும் முன் இதே பதிலைக் கேட்ட ஒரு பிலிப்பைன்ஸ் மலைவாசியைப் பற்றித்தான். அவர் பெயர் மத்தேயோ கரின்யோ.

சில மாதங்களாகவே பிலிப்பைன்ஸ் மக்கள் அமெரிக்காவை எதிர்த்து நடத்திய போரைப் பற்றிப் படித்துவருகிறேன். 1898 ஜூன் 12 அன்று புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோ ஸ்பெயினிடமிருந்து விடுதலையை அறிவித்தார். ஆறு மாதம் கழித்து, டிசம்பர் 10 அன்று, பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையில் ஸ்பெயின் அந்தத் தீவுகளை இரண்டு கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விட்டுக்கொடுத்தது. அந்த மேசையில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவருக்கும் இடம் தரப்படவில்லை. வீட்டில் குடியிருப்பவனைக் கேட்காமலேயே வீட்டை விற்பதும் வாங்குவதும் எங்கள் மலைக்குப் புதிதல்ல என்பதால், எனக்கு அதில் பெரிய வியப்பு ஏற்படவில்லை. 1899 பிப்ரவரி 4 இரவு மணிலாவின் புறநகரில் முதல் துப்பாக்கி வெடித்தது.

அந்தப் போரில் என் மனத்தில் நிலைத்த காட்சி திராத் கணவாய். வடக்கு மலைகளுக்குள் பின்வாங்கிய அகினால்டோவுக்கு நேரம் வாங்கித் தருவதற்காக, கிரெகோரியோ டெல் பிலார் என்ற 24 வயதுத் தளபதி 60 பேருடன் அங்கே நின்றார். 1899 டிசம்பர் 2. குறுகலான ஏற்றப் பாதை. மேலே கல் அடுக்கிய காப்பரண். கீழே சில நூறு அமெரிக்க வீரர்கள். நேர் வழியில் ஏறி வந்தவர்களைப் பல மணி நேரம் தடுக்க முடிந்தது. பிறகு உள்ளூர் மலைவாசி ஒருவரே அமெரிக்கர்களுக்குப் பின்பக்க ஒற்றையடிப் பாதையைக் காட்டிக்கொடுத்தார். மலையை அறிந்தவன் எந்தப் பக்கம் சாய்கிறானோ அந்தப் பக்கம்தான் மலையும் சாயும். டெல் பிலார் அங்கேயே விழுந்தார். 60 பேரில் தப்பியவர்கள் மிகச் சிலர். காட்டிக்கொடுத்தவரைத் துரோகி என்று எழுதுவது எளிது. சமவெளித் தளபதிகளின் குடியரசு அந்த மலைவாசிக்கு என்ன கொடுத்திருந்தது என்று கேட்டால் பேனா சற்றுத் தயங்குகிறது.

மற்றவை வேகமாக முடிந்தன. 1901 மார்ச் 23 அன்று பலானன் என்ற ஊரில், உதவிக்கு வரும் படைபோல நடித்து அகினால்டோவைப் பிடித்தார்கள். பத்தாங்காஸ் மாகாணத்தில் ஊர் மக்களை எல்லைக்கோடு போட்ட முகாம்களுக்குள் அடைத்து, வெளியே இருந்த தானியத்தையும் வீடுகளையும் எரித்த பிறகு, 1902 ஏப்ரலில் தளபதி மிகேல் மால்வார் சரணடைந்தார். அதே ஆண்டுகளில் ஆங்கிலேயர்கள் தென்னாப்பிரிக்காவில் போயர் (டச்சு வம்சாவளியினர்) குடும்பங்களை முகாம்களில் அடைத்தார்கள். பிடிபட்ட போயர் வீரர்களில் ஒரு பகுதியினரை நம் நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். 1902 ஜூலை 4 அன்று போர் முடிந்ததாக அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அறிவித்தபோது, பசியிலும் காலராவிலுமாகச் செத்த பொதுமக்கள் இரண்டு லட்சம்வரை இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

போர் முடிந்ததும் வென்றவர்களுக்கு வெயில் தாங்கவில்லை. சென்னை வெக்கைக்கு ஊட்டி என்றால் மணிலா வெக்கைக்குப் பாகியோ: ஏறத்தாழ 5,000 அடி உயரம், பைன் மரங்கள், மூடுபனி. பருத்த உடம்புக்காரரான ஆளுநர் டாஃப்ட், மலைக்குக் குதிரையில் 25 மைல் ஏறிவந்தும் நலமாக இருப்பதாக வாஷிங்டனுக்குத் தந்தியடித்தார். குதிரை எப்படி இருக்கிறது என்று கேட்டுப் போர்ச் செயலர் எலிஹு ரூட் பதில் தந்தி அனுப்பினார். தந்தியில் குதிரையைக்கூட விசாரித்தவர்கள், அந்தப் புல்வெளி யாருடையது என்று விசாரிக்கவில்லை. அதில் ஒரு பகுதி, 146 ஹெக்டேர், கரின்யோவின் மேய்ச்சல் நிலம்.

கரின்யோ, சமவெளியினர் இகொரோட் என்று பொதுவாக அழைக்கும் மலைமக்களுள் ஒருவர். அவர் துப்பாக்கி எடுக்கவில்லை. 1903இல் நிலப் பதிவு நீதிமன்றத்தில் மனுப் போட்டார். மறு ஆண்டு மனு ஏற்கப்பட்டது. உடனே அரசு மேல்முறையீடு செய்தது. நிலத்தைப் பொதுத் தேவைக்கும் ராணுவத் தேவைக்கும் அது ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது. அரசின் வாதம் நேர்த்தியானது: வெற்றியின் மூலம் நிலமெல்லாம் ஸ்பெயின் மன்னருக்குச் சொந்தமாயிற்று, மன்னர் காகிதம் எழுதித் தராத நிலம் மன்னருடையதே, பாரிஸ் உடன்படிக்கையால் அது இப்போது எங்களுடையது. கரின்யோவிடம் மன்னரின் காகிதம் இல்லை. அவரிடம் இருந்தவை, ஊர் வழக்கப்படி மாடு அடைக்கத் தாத்தா போட்ட வேலி, அப்பா உழுத துண்டுகள், தன் காலத்து மேய்ச்சல் ஆகியவையே. அந்த மேல்முறையீட்டில் தோற்று, மணிலாவின் உச்ச நீதிமன்றத்திலும் தோற்று, வழக்கு வாஷிங்டன் போயிற்று. 1909 பிப்ரவரி 23 அன்று நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதினார். சாட்சியமும் நினைவும் எட்டும் தூரம்வரை தனியார் சொந்தம் கொண்டாடி வைத்திருக்கும் நிலம், ஸ்பெயின் வருவதற்கு முன்பிருந்தே அப்படி இருந்ததாகவும், ஒருநாளும் அரசு நிலமாக இருந்ததில்லை என்றும் கொள்ளப்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

கரின்யோ அதைக் கேட்க உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். பாகியோவில் நிறுவிய ஜான் ஹே படைமுகாமை அமெரிக்கா கைவிட்டது 1991இல்தான். ஆனாலும் பீரங்கியால் அடக்க முடிந்த எதிர்ப்புகளைவிட இந்த மேய்ச்சல்காரரின் எதிர்ப்புக்கு ஆயுள் அதிகம் என்பது என் கணிப்பு. 1997இல் பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றம் பழங்குடி உரிமைச் சட்டம் இயற்றியபோது, பூர்வீக உரிமை என்ற கருத்துக்கு இந்தத் தீர்ப்புதான் அடித்தளமாக நின்றது.

அன்றிரவு அப்பாவிடம் இந்தக் கதையை, கொஞ்சம் உற்சாகமாகவே, சொன்னேன். நம்மிடமும் தாத்தா நட்ட வேலி இருக்கிறதே, அதைச் சாட்சியாகச் சொல்லலாமே என்றேன். கட்டஞ்சாயாவை ஆற்றிக்கொண்டிருந்த அவர், கொல்லைப் பக்கம் நிற்கும் பெரிய பலா மரத்தைப் பார்த்தார். அதன் அடியில்தான் பக்கத்துப் பாடியிலிருந்து பணியப் பழங்குடியினர் ஆண்டுக்கு ஒரு தரம் வந்து விளக்கு வைத்துவிட்டுப் போவார்கள்.

"வேலி உன் தாத்தா வெச்சதுதான்ப்பா. அந்தப் பலா நாங்க வரும்போதே காய்ச்சிட்டு இருந்துச்சு."